கீழாநெல்லி அனுப்பவில்லை

அன்புள்ள மகனுக்கு,

நீ கேட்டபடி கீழாநெல்லியை நிழலில் உலர்த்தி அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன். இந்த மழைக்குக் கிணற்றடியில் அது நிறையவே முளைத்திருக்கிறது. குனிந்து பறிக்க எனக்கு இன்னும் இடுப்பில் தெம்பும் இருக்கிறது. ஆனாலும் அனுப்பப் போவதில்லை. ஏன் என்று சொல்ல ஓர் உள்நாட்டு அஞ்சல் தாள் போதாது என்பதால் வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடித்த பிறகு, உன் பெயரையும் என் பெயரையும் எடுத்துவிட்டு, இத்தனை காலம் நான் செய்தி அனுப்பிய பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கும் ஒரு படி கொடுப்பதாக எண்ணம். நம் பிள்ளையார்பாளையத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள் என்று உனக்கே தெரியும். அவர்களுக்கும் ஊரிலிருந்து கீழாநெல்லி போய்க்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் நீ எழுதியதை அப்படியே திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தொழில் பழக்கம், கோபித்துக்கொள்ளாதே. பம்பாயில் உன் தொழிற்சாலையில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. உன் இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி இருந்தன. மறுபடி வந்து பார்க்கும்படி அங்கிருந்த மருத்துவர் சொன்னார். நீ போகவில்லை. நான் குடிக்கிறவன் இல்லை, கண்ணும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, லேசான காமாலையாக இருக்கும், அம்மாவுக்குக் கேட்ட மருந்து எனக்கும் கேட்கும் என்று எழுதியிருந்தாய். அதன் கீழே, தாளை மடிக்கிற ஓரத்தில், மருமகள் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள். "மாமா, இவர் மாடி ஏறும்போது நடுவுல நின்னு தெருவைப் பார்க்கிறார். பார்க்கிறதுக்கு அங்கே ஒண்ணுமே இல்லை." உன் கடிதத்தை நான் ஒரு தடவைதான் படித்தேன். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உன் அம்மாவும் அப்படித்தான் நின்றாள். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது எதிர்வீட்டு ரங்கம்மா வாசலில் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவாள். ரங்கம்மா கேலி பண்ணுவாள். "ஏன்க்கா, வூட்டுக்காரரு பேப்பர்ல எழுதுற சேதிய எல்லாம் எங்கிட்ட வந்து ரேடியோ மாதிரி ஒப்பிச்சிக்கினு இருக்கியே?" உன் அம்மா விடமாட்டாள். "அவரு எழுதுறது நேத்து நடந்த சேதிமா. நான் சொல்றது இன்னிக்கி நடக்குற சேதி." இருவரும் சிரிப்பார்கள். நான் உள்ளே எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கும் சிரிப்பு வரும். அவளுக்குப் பேச்சு ஆசை என்று ரங்கம்மா நினைத்தாள், நானும் நினைத்தேன். குடத்தோடு நம் வாசல் வரை வர அவளுக்கு மூச்சு பற்றவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றியிருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது.

நம் வீட்டுத் தறியை நீ மறந்திருக்க மாட்டாய். நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். நெய்த சேலை சுற்றிக்கொள்ளும் கட்டைக்குப் படமரம் என்று பெயர். அது வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வந்து நிற்கும். குனிந்து குனிந்து நெய்தால் நெஞ்சுக்குழி வலிக்கும். இந்தத் தெருவில் அந்த வலி இல்லாதவர் இல்லை. எனவே உன் அம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்தபோது அது படமரத்து வலி என்று அவளும் சொன்னாள், பார்த்தவர்களும் சொன்னார்கள். கால் வீங்கியது. நாள் முழுக்கக் குழியில் கால் தொங்கினால் யாருக்கும் வீங்கும். "குழியில கால வுட்டுக்கினு உக்காந்தா வீங்காம பின்ன இன்னா பண்ணும்?" என்று அவளே என்னைக் கேட்டாள். உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. மஞ்சள் சேலைக்குச் சாயம் போட்ட பட்டு நூலை அலசிக் கொடுத்துவிட்டு வந்த கை வேறெப்படி இருக்கும்? வேறொரு ஊரில், வேறொரு தொழிலில் இருந்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது யாரையாவது பயமுறுத்தியிருக்கும். இங்கே ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக இருந்தது, ஒவ்வொரு பதிலும் நியாயமாகவும் இருந்தது.

பதில் கிடைக்காதது கண்ணுக்கு மட்டும்தான். அதையும் ரங்கம்மாதான் முதலில் பார்த்தாள். "இன்னாக்கா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குது?" என்றாள். "சாயத்தண்ணி தெறிச்சிருக்கும்" என்றாள் உன் அம்மா. "தெறிச்சா ஒரு கண்ணுல தெறிக்கும். ரெண்டு கண்ணுலயும் அளந்தா ஊத்திச்சி? போக்கா, காமாலைதான்க்கா இது." அந்த வாரமே மாகறலுக்குப் போனோம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பரம்பரையாகக் காமாலைக்கு மருந்து கொடுத்துவந்தார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும். கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். கூலி எதுவும் வாங்க மாட்டார்கள். ஆனால் பத்தியத்தில் கண்டிப்பு. அந்தப் பெரியவர் உன் அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உப்பு ஆவாதுமா, புளி ஆவாது, எண்ணெ ஆவாது. தறியில உக்காரவே கூடாது. நான் சொல்ற வரைக்கும் படுத்துக்கினு இரு" என்றார். திரும்பி வரும் வழியில் பேருந்தில் அவள் சொன்னாள்: "மாமியார் கூட என்னை இப்படிப் பழி வாங்கினதில்லீங்க. உப்பிலியப்பனுக்கு வாக்கப்பட்டுட்டேன் போல இருக்குது."

மாகறல் போவதற்கு முன்பே நம் ஊர் டாக்டரம்மாவிடம் அவளைக் காட்டியிருந்தேன். உனக்கு அவர்களை நினைவிருக்கும், உன் கைமுறிவுக்கு மாவுக்கட்டு போட்டவர்கள். அவர்கள் இரத்தம் எடுத்து, நான் தினமும் செய்தி உறையைக் கொடுத்தனுப்பும் அதே மெட்ராஸ் பேருந்தில் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் பத்தியம் ஆரம்பித்தாகிவிட்டது. முடிவைப் பார்த்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். நான் கையில் பேனா இல்லாமல் கேட்டது, ஆனாலும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "எஸ்.ஜி.ஓ.டி.ன்னு ஒண்ணு சார். அது அதிகமா இருக்குது. கல்லீரல் கெட்டாலும் அது ஏறும். இதயத்துல கோளாறு இருந்தாலும் ஏறும். ரெண்டு இடத்துலயும் இருக்குற பொருள் அது. எங்கேர்ந்து வந்துச்சுன்னு அது சொல்லாது. மெட்ராஸ் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடுங்க." நான் சரி என்றேன். உன் அம்மா அவர்களையே கேட்டாள். "டாக்டரம்மா, என்னைப் பாருங்க. போன தடவை வந்தப்போ இருந்ததுக்கு இப்போ எப்படி இருக்குறேன்?" டாக்டரம்மா அவள் காலை அழுத்திப் பார்த்தார்கள். விரல் பதியவில்லை. வீக்கம் வடிந்திருந்தது. "நல்லாத்தான் இருக்குது. இருந்தாலும் போயிட்டு வாங்க" என்றார்கள். தெருவுக்கு வந்ததும் உன் அம்மா, "நல்லா இருக்குதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் இன்னாத்துக்கு மெட்ராசு?" என்றாள்.

நீ பொங்கல் விடுமுறைக்கு வந்தது அப்போதுதான். கல்லூரியிலிருந்து பயந்துகொண்டு வந்தாய். வந்து பார்த்தால் அம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து உன்னை வேலை ஏவிக்கொண்டிருந்தாள். கண் வெளுத்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. உனக்குக் குழம்பை இறக்கிவிட்டுத் தனக்கு உப்பில்லாத கஞ்சியை எடுத்துக்கொண்டு, உன் தட்டை ஓரக்கண்ணால் பார்ப்பாள். நீ தட்டைத் திருப்பி மறைத்துக்கொண்டு சாப்பிடுவாய். அவள் சிரிப்பாள். உன் மனத்தில் நிற்பது அந்த அம்மா. கீழாநெல்லி அவளை எழுப்பி உட்கார வைத்தது என்று நீ நம்பியதற்குக் காரணம் இருக்கிறது, நீ கண்ணால் பார்த்தாய். நாங்களும் பார்த்தோம். மெட்ராஸ் பேச்சு அந்த விடுமுறையோடு நின்றுபோனது.

மாசியில் மாகறல் பெரியவர் பத்தியத்தை முறித்துக்கொள்ளலாம் என்றார். பத்தியம் முறிக்கிற நாளை இந்தப் பக்கத்தில் சின்ன விசேஷம் போல நடத்துவார்கள், நீ பார்த்திருப்பாய். அன்று ரங்கம்மா ஒரு ஜாடி நிறைய நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள், உப்பு பூத்து வெள்ளையாக. உன் அம்மா ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "ரங்கம்மா, இதுக்காகவே இன்னொரு தடவை காமாலை வரலாம்மா" என்றாள். அப்புறம் பழைய சோற்றுக்கு அதுதான், கஞ்சிக்கு அதுதான். விட்ட உப்பையெல்லாம் வட்டி போட்டுச் சாப்பிடுகிறாள் என்று நான்கூட கிண்டல் செய்தேன். தறியிலும் உட்கார்ந்தாள். பங்குனியில் கல்யாணம் வைத்திருந்த வீட்டுக்கு ஒரு சேலை பாதியில் நின்றிருந்தது. மறுபடி கால் வீங்கியது. மறுபடி குழியைச் சொன்னாள். கண் மட்டும் வெள்ளையாகவே இருந்ததால் யாரும் எதையும் கேட்கவில்லை.

பங்குனித் தேர் அன்று நான் ராஜவீதியில் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், செய்திக்காக. ரங்கம்மாவின் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். "அண்ணா, வூட்டுக்கு வாங்க" என்றார். "இன்னாப்பா?" என்றேன். "சைக்கிள்ல ஏறுங்கண்ணா" என்றார். எங்கே, எப்போது, யார் பார்த்தார்கள் என்று கேட்டே வயிறு வளர்த்தவன், அன்று அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன். நடந்ததை ரங்கம்மா பிறகு சொன்னாள். "அக்கா தறிச் சத்தம் நின்னுச்சுண்ணா. இழை அறுந்துபோயிருக்கும், முடி போட்டுக்கினு இருக்குதுன்னு நினைச்சேன். இன்னாடா இது, இவ்ளோ நேரமா முடி போடுதேன்னுதான் எழுந்து வந்தேன்." இந்தத் தெருவில் யார் தறி ஓடுகிறது, யார் தறி நின்றது என்று எல்லோருக்கும் காதிலேயே தெரியும். தறி நின்றால் இழை அறுந்திருக்கும். அதுவும் நியாயமான பதில்தான்.

அம்மா மாரடைப்பில் போய்விட்டாள் என்று உனக்குத் தந்தி வந்தது. பொங்கலில் காமாலை, பங்குனியில் மாரடைப்பு, இரண்டும் வேறு வேறு என்றே நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். காரியமெல்லாம் முடிந்து நீ கல்லூரிக்குத் திரும்பிய பிறகு நான் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர்கள் "நிச்சயமா சொல்ல முடியாது சார். நான் நினைக்கிறதச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார்கள். அதனால் நானும் அதை அவர்கள் நினைப்பாகவே உனக்குச் சொல்கிறேன். இதயம் பலவீனப்பட்டால் இரத்தம் பின்னால் தேங்கும். தேங்கினால் கல்லீரல் வீங்கும், நொதி ஏறும், கண்கூட மஞ்சளாகலாம். காலில் நீர் இறங்கும். உப்பை நிறுத்தி ஓய்வெடுத்தால் அந்த நீர் குறையும், மூச்சு லேசாகும். "அப்போ கீழாநெல்லி?" என்றேன். "கீழாநெல்லியோட வந்த பத்தியம் சார் அது. உப்பை விட்டதும் படுத்துக்கிட்டதும்தான் கேட்டிருக்கும்" என்றார்கள். அப்படிப் பார்த்தால் உன் அம்மாவுக்குக் காமாலை நோய் வரவே இல்லை, தம்பி. இதயத்தின் நோய் கல்லீரலின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தது. நாங்கள் உடுப்பைப் பார்த்து மருந்து கொடுத்தோம், மருந்து கேட்டதாகவும் தெரிந்தது.

எத்தனையோ வழக்குகளை நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரு பொய்சாட்சி இருந்தால் கதை தப்பாகப் போகும் என்பதுதான் என் அனுபவம். இந்த ஒன்றில் மட்டும் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ரங்கம்மா கண்ணைப் பார்த்துச் சொன்னாள். மாகறல் பெரியவர் தெரிந்ததைக் கொடுத்தார், கூலி வாங்காமல். டாக்டரம்மா இரண்டு வழியையும் சொன்னார்கள். உன் அம்மா உடம்பு தேறியதைத்தான் தேறியது என்றாள். இத்தனை உண்மையும் சேர்ந்து எங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. உன்னிடம் இதை அப்போதே பிரித்துச் சொல்லவில்லை. அம்மா தேறி உட்கார்ந்திருந்த அந்தப் பொங்கல் ஒன்றுதான் உனக்கு மிச்சம் இருந்தது. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது அந்தப் பொங்கலை வைத்தே நீ உனக்கு மருந்து தேடுகிறாய் என்றால், நான் கை வைத்துத்தான் ஆக வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது அவர்களுக்கு. படித்துவிட்டு, "எழுத்தைப் பார்த்து வைத்தியம் பண்ணக் கூடாது சார்" என்றார்கள். உன்னைப் பயமுறுத்தவும் இல்லை. நொதி ஏறுவதற்குப் பல காரணம் உண்டு, உடம்பு பெருத்தவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்தும் ஏறும், ஒன்றுமில்லாமலும் போகலாம் என்றார்கள். பிறகு மருமகளின் வரியில் விரலை வைத்தார்கள். "எனக்கு நம்பர் பெரிசு இல்ல. இந்த வரிதான் பெரிசு. அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு அந்த டாக்டர்கிட்ட பையனைச் சொல்லச் சொல்லுங்க. ஈ.சி.ஜி. எடுக்கட்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்லாம் பார்க்கட்டும். கல்லீரல்னு எழுதியிருக்குதேன்னு கல்லீரலோட நிறுத்திக்க வேணாம்." அதுதான் நீ செய்ய வேண்டியது. மருத்துவரிடம் போ. மாடியில் நிற்பதை மறைக்காமல் சொல். அம்மாவைப் பற்றிச் சொல். பம்பாயின் மாடிப்படி, வேலைக் களைப்பு, ரயில் நெரிசல் என்று உன்னிடமும் பதில்கள் தயாராக இருக்கும். அவை நியாயமாகவும் இருக்கும். அவற்றுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று, இத்தனையும் யோசிப்பதற்கு முன்னால், ஒரு கார்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். 'கீழாநெல்லி உலர்ந்தால் பலன் இல்லை. பச்சையாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். பத்தியமும் வேண்டும். லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வா.' இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், அதில் பொய் இல்லை. நீயும் வந்திருப்பாய். உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு, பத்தியம் முடிகிற வரைக்கும் உன்னை இந்த வீட்டில் வைத்திருந்திருக்கலாம். தறியை விற்ற பிறகு குழியை மூடிப் பலகைக்கல் பதித்தேன் அல்லவா, அதன் மேல்தான் இப்போது கட்டிலைப் போட்டிருக்கிறேன். அக்கம்பக்கத்துத் தறிகள் ஓடும்போது கல் லேசாக அதிரும். அவை நின்றுவிட்டால் வீட்டில் சமையலறைக் கடிகாரத்தைத் தவிரச் சத்தம் கிடையாது. ஒரு ஆளுக்கு அரிசி போடும் அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை, தினமும் மிஞ்சுகிறது. மிஞ்சியதை ரங்கம்மா வீட்டு ஆட்டுக்குக் கொடுக்கிறேன். "அண்ணா, ஆடு உங்க சமையலுக்குப் பழகிடுச்சு, எங்க வூட்டுக் கஞ்சியத் தொடமாட்டேங்குது" என்கிறாள். கார்டில் முகவரி வரை எழுதிவிட்டேன். அப்புறம் கிழித்துப் போட்டேன்.

ஆகவே மருந்துக்காக இங்கே வராதே. அங்கேயே, இந்த வாரமே, மருமகளைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போ. ஏதாவது இருக்கிறது என்று அவர் சொன்னால் எனக்குத் தந்தி கொடு. நான் புறப்பட்டு வருகிறேன். மாடிப்படியில் உன் கூடவே நின்று நின்று ஏறுகிறேன், எனக்கும் இப்போது அவசரமாக ஏற முடிவதில்லை. ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னால் அப்போது நீ வா. காமாலை, பத்தியம் என்று ஒரு காரணமும் வைத்துக்கொள்ளாமல் வா. அன்றைக்கு அரிசி மிஞ்சாது.

இப்படிக்கு,
உன் அப்பா